முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே

டப்பாவைத் திறந்ததும் வசம்பு வாசனை வந்தது. பழைய பால்பவுடர் டப்பா. உள்ளே பனியன் துணியில் சுற்றிய உன் மேக்ரோ லென்ஸ், செருப்புக் கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஒரு துண்டு வசம்பு. சாரல் காலத்தில் இந்த ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று எல்லோரும் சிலிக்கா ஜெல் போடுவார்கள். வசம்பு மட்டும் உன் சொந்த ஏற்பாடு. "பூச்சி வராதுல்லா" என்பாய். ஊரெல்லாம் பூச்சியைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிறவள் பூச்சிக்குப் பயந்து வசம்பு போடுகிறாளே என்று நான் சிரித்தால், "வெளிய இருக்க பூச்சி வேற, உள்ள வாற பூச்சி வேறட்டி" என்று டீச்சர் குரலில் பதில் வரும். ஒரு வருஷமாக மூடியே கிடந்த டப்பா. வாசனை போகவில்லை.

அண்ணாச்சிதான் கொண்டுவந்து கொடுத்தார். உன் வீட்டுக்காரர் ஸ்டூடியோ படி ஏறி வந்தது இதுதான் முதல் தடவை. கல்யாண ஆல்பத்தில் யாரோ ஒரு மணப்பெண்ணின் கழுத்துக் கருமையை வெளுக்க வைத்துக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துகொண்டு, டப்பாவையும் மெமரி கார்டையும் மேஜைமேல் வைத்தார்.

"வாற வெள்ளிக்கிழமையோட வருஷம் திரும்புது தங்கச்சி. அவ கடைசியா எடுத்த படம் ஒண்ணு பெருசாப் போட்டுத் தாங்க. ஹால்ல மாட்டணும். அவ போட்டோ மாட்டியாச்சு. அவ எடுத்தது ஒண்ணுகூட வீட்டுல இல்ல பாத்துக்கிடுங்க."

சரி அண்ணாச்சி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? டீயைப் பாதி குடித்துவிட்டுப் போனார். கடைசிப் படம் எது என்று எனக்குத் தெரியும். அது படமாகவே ஆகவில்லை என்பதும் தெரியும். ஏன் ஆகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அலுப்பாக இருக்கிறது எனக்கு. இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் முகத்தைத் துடைத்தே கண் போய்விட்டது. கண் மூடிய மாமாவுக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண் எடுத்து ஒட்டுவேன், சிரிக்காத மாமியாரைச் சிரிக்க வைப்பேன், பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவை ஓரத்தோடு வெட்டிவிடுவேன். வீட்டுக்குப் போனால் சமையல். இந்த அலுப்பிலிருந்து வாரத்தில் ஒரு காலை என்னை வெளியே இழுத்துப் போட்டவள் நீதான். இப்போது அதுவும் கிடையாது.

நாம் பழகியதே ஒரு சண்டையில்தானே. பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு ஒரு தட்டானின் படத்தைப் பெரிதாகப் போட வந்தாய். கண் மட்டும் பளிச்சென்று இருந்தது, கால் முதல் வால் வரை மங்கல். பிரிண்டர் சரியில்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றாய். பிரிண்டர் என்ன செய்யும், அவ்வளவு கிட்டத்தில் போய் எடுத்தால் தாள் கனத்துக்குத்தான் தெளிவு கிடைக்கும், மற்றதெல்லாம் கரைந்துதான் போகும் என்றேன். "அப்ப அத எப்படி முழுசாத் தெளிவா எடுக்காங்க?" என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து தேடிப் படித்தோம். ஒரே பூச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை முன்னால் நகர்த்தி எழுபது எண்பது படம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தாள் கனம் தெளிவாக இருக்கும். பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தெளிவான இடங்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் ஒரே படம். "எடுக்கிறது நான், அடுக்குதது நீ" என்று அன்றைக்கே பாகம் பிரித்துவிட்டாய்.

பூச்சி அசையாமல் இருக்க வேண்டும், இலை அசையக் கூடாது. இந்த ஊரில் இதற்குக் கிளம்பினோமே, நம்மைச் சொல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனியிலும் ஆடியிலும் ஆளையே தள்ளும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே குளிக்க ஓடும் மாதங்களில், நாம் இலஞ்சித் தோப்பில் உங்கள் பெரியப்பா வீட்டு மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கிடப்போம். அங்கே ஒரு ஓரமாகப் புல் வளர்ந்திருக்கும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட அந்தத் தேனீக்கள் புல் தண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அதில் தொங்கியபடியே தூங்கும். வெயில் ஏறிச் சூடு பிடிக்கும்வரை எழுந்திருக்காது. ஐந்தரைக்குப் போனால் ஆறரைக்குள் எடுத்தாக வேண்டும்.

ஸ்டாண்டில் கேமரா. அதற்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் நகர்த்துகிற ரெயில். திருகைக் கால் சுற்று சுற்றுவாய், கையை எடுப்பாய், ஆட்டம் அடங்க ஐந்து எண்ணுவாய், ரிமோட்டை அழுத்துவாய். மறுபடி கால் சுற்று. வெளிச்சம் நேராக விழாமல் இருக்க இட்லித் துணியை வளையத்தில் கட்டி முன்னால் நீட்டியிருப்பாய். என் வேலை குடை. காற்று வருகிற பக்கமாகப் பெரிய கருப்புக் குடையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதுவே தேனீக்குப் பின்னால் இருட்டுத் திரையாகவும் ஆகும்.

"ஏட்டி, கொடையக் கொஞ்சம் இங்கன சாய். மூச்ச அந்தப் பக்கம் பாத்து விடு."

போனை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது உன் சட்டம். ஒரு தடவை மெசேஜ் சத்தம் கேட்டதற்கு இரண்டு வாரம் பேசாமல் இருந்தவள் நீ.

போன வருஷம் ஆடி. அதுவரை நாம் பார்த்ததிலேயே நல்ல தேனீ அது. றெக்கையில் ஒரு கிழிசல் இல்லை, முகமெல்லாம் பனித்துளி. எழுபத்திரண்டு படம் என்று கணக்குப் போட்டாய். அன்றைக்கு நான் போனை இடுப்பில் செருகியிருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், கூப்பிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் "அப்ப எதுக்கு வந்த?" என்பாய் என்று சொல்லவில்லை.

முப்பத்தேழாவது படம் முடிந்தது. நீ திருகைச் சுற்றிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். போன் இடுப்பில் அதிர்ந்தது. அதை அமுக்கக் குடையை இடது கைக்கு மாற்றினேன். மாற்றுகிற நேரம் பார்த்துக் காற்று தூக்கியது. குடைக்கம்பி நுனி ஸ்டாண்டின் காலில் போய் இடித்தது. தென்னை ஓலைச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. ஐந்து எண்ணி முடித்து, முப்பத்தெட்டாவதை எடுத்தாய்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தேனீயின் உணர்கொம்பு அசைய ஆரம்பித்துவிட்டது, முதலிலிருந்து எடுக்க நேரமில்லை, சின்ன நகர்வு என்றால் கம்ப்யூட்டர் தானே நேராக்கிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும்போது போனை எடுத்துப் பார்த்தேன். அவர்தான். காப்பிப்பொடி டப்பா எங்கே என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்.

மத்தியானம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, நீ கொடுத்த கார்டிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அடுக்கினேன். எல்லாப் படத்துக்கும் ஒரே நிறம், ஒரே வெளிச்சம் வைத்து, வரிசை போட்டு ஓடவிட்டால் முப்பத்தேழு வரை தேன் மாதிரி வந்தது. கொம்பு, கண், முகத்து முடி, கழுத்து. முப்பத்தெட்டிலிருந்து ஒவ்வொரு முடியும் இரண்டிரண்டாக நின்றது. பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் நேராக்கலாம். ஸ்டாண்டே திரும்பிக் கோணம் மாறிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நீலப் பட்டை முழுவதும் அந்தப் பின்பாதியில்தான் இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்தெட்டிலிருந்து படத்தின் இடது ஓரத்தில் குடையின் கருப்பு விலகி, ஒரு விரல் அகலத்துக்கு வெளுப்பாகத் தெரிந்தது. குடை நகர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். நீ வருவதற்கு முன்னால் எழுபத்திரண்டு படத்திலும் அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். வேண்டாததை வெட்டுவது என் தொழில். கை தானாகச் செய்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தாய். வியர்வையைத் துடைக்கக்கூட இல்லை. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாய்.

"முப்பத்தேழு வரைக்கும் நல்லாத்தானட்டி இருக்கு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? நீ எதையும் தட்டினியா?"

"இல்லையே."

உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நீ உன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தாய்.

"அப்ப என் கைதான். அம்மைக்கும் இப்படித்தான்ட்டி ஆரம்பிச்சுது."

உன் அம்மாவுக்குக் கை நடுங்கி நடுங்கிக் கடைசியில் காப்பி டம்ளர்கூடப் பிடிக்க முடியாமல் போனதும், ஆறு வருஷம் நீதான் ஊட்டிவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு உலகத்தில் அந்த ஒரு பயம்தான். அந்த நிமிஷம் என் வாய் திறந்திருக்க வேண்டும். "ஏட்டி, நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆல்பம் வாங்க நான்கு பேர் உள்ளே வந்தார்கள், நீ கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாய். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அடுத்த வாரம் நீ வரவில்லை. "கை சரியில்லட்டி, கொஞ்ச நாள் போட்டும்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் மட்டும் தவறாது. பத்தாம் வகுப்புப் பரீட்சைத்தாள், மேலகரத்தில் நீங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஜன்னல் வந்து சேராத கதை, எல்லாம் பேசுவாய். கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் "அப்படியேதான்" என்பாய். எல்லாம் பேசி முடித்துக் கடைசியில், "வேற என்னட்டி?" என்பாய். "வேற ஒண்ணும் இல்லட்டி" என்பேன். கொஞ்ச நேரம் நீயும் வைக்க மாட்டாய், நானும் வைக்க மாட்டேன். பிறகு நீ வைத்துவிடுவாய். ஐந்து மாதம் இப்படியே போனது.

மார்கழியில் ஒரு காலை நெஞ்சு வலிக்கிறது என்றாயாம். தென்காசிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அண்ணாச்சி அழுதுகொண்டே சொன்னதில் எனக்கு அது மட்டும்தான் மண்டையில் ஏறியது. உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி வந்துபோன மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். தேனீப் படங்கள் என் கம்ப்யூட்டரிலேயே இருந்ததால் கார்டைத் தொடவில்லை. முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் அடுக்கி, இரண்டையும் கழுத்துக்குக் கீழே ஒட்டிவிடலாம் என்பது திட்டம். ஒட்டுகிற இடத்தில் முடி பொருந்தாது. பொருந்தாத இடத்தில் நானே வரைந்துவிடுவேன். எத்தனை மணப்பெண்ணுக்குப் புருவம் வரைந்திருக்கிறேன், ஒரு தேனீக்கு நாற்பது முடி வரைய மாட்டேனா? ஹாலில் மாட்டினால் ஒருவருக்கும் தெரியாது. நீ இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாய். கேமராவின் சென்சாரில் விழுந்த தூசி, அடுக்கிய படத்தில் எறும்பு வரிசை மாதிரி புள்ளி புள்ளியாக ஓடும். அதைத் துடைக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. "தூசியத் துடச்சுக்க. இல்லாத முடிய வரையாத" என்பாய். மூன்று நாள் வரைந்தேன். இன்னும் வால்பக்கம்தான் பாக்கி.

அங்கே வரும்போது ஐம்பத்திரண்டாவது படம் திறக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் கெட்டுப் போயிருந்தது. சரி, கார்டில் அசல் இருக்குமே என்று அதைச் செருகினேன்.

தேனீயோடு கார்டு முடியவில்லை. அதற்குப் பிறகும் படங்கள் இருந்தன. முதலில் என்னவென்றே புரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கிராம்பு. சமையலறைக் கிராம்பு ஒன்றைச் சப்பாத்தி மாவு உருண்டையில் குத்தி நிறுத்தி, உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து எடுத்திருக்கிறாய். எழுபத்திரண்டு படம். மறுநாள் மறுபடியும் கிராம்பு, எழுபத்திரண்டு. ஐந்து நாள், முந்நூற்று அறுபது படம். ஒவ்வொரு படத்தோடும் தேதி இருக்கிறது. நான் "இல்லையே" என்று சொன்ன நாலாம் நாள் ஆரம்பித்திருக்கிறாய்.

உன் கையை நீயே சோதித்துப் பார்த்திருக்கிறாய்.

நான் ஒவ்வொரு நாளையும் ஓடவிட்டுப் பார்த்தேன். கிராம்பு மொட்டின் நுனியிலிருந்து காம்புவரை தெளிவு ஊர்ந்து போகிறது. ஒரு இடத்திலும் ஆட்டம் இல்லை. ஐந்து நாளிலும் இல்லை. எங்கள் கேமராமேன்களில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு கை கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள உனக்கு என் கம்ப்யூட்டரும் வேண்டாம், கேமராவின் முதுகில் இருக்கிற சக்கரத்தை உருட்டினாலே போதும். உருட்டியிருப்பாய். ஐந்தாம் நாளோடு சோதனையை நிறுத்திவிட்டாய்.

பிறகு மெதுவாகத் தேனீக்குத் திரும்பினேன். கார்டில் இருப்பது வெட்டாத படம். முப்பத்தேழில் இடது ஓரம் முழுக் கருப்பு. முப்பத்தெட்டில் ஒரு விரல் அகலம் வெளுப்பு. என் கம்ப்யூட்டரில் ஓரத்தை வெட்டினேனே, உன் பையில் அசல் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஆல்பக்காரியின் புத்தி அவ்வளவுதான். வெட்டிவிட்டால் போய்விட்டது என்று நினைக்கிற புத்தி.

அப்படியானால் உனக்குத் தெரியும். ஆடியிலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஐந்து மாதமும் "கை அப்படியேதான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாய். என்னைக் காப்பாற்றச் சொன்னாயா, குத்திக்காட்டச் சொன்னாயா? உன் குணத்துக்கு இரண்டுமே நடக்கக்கூடியதுதான். இரண்டு ராத்திரி முழுக்க யோசித்தாயிற்று, இனிமேல் யோசிக்கவும் தெம்பில்லை. கோபமாகக்கூட இருக்கிறது உன்மேல். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாமே. "பொய் சொல்லுதியாட்டி" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், மறுவாரமே மோட்டார் ரூமுக்குப் போயிருப்போம். புரட்டாசியில் எத்தனை காலை, ஐப்பசியில் எத்தனை காலை காற்றே இல்லாமல் விடிந்தது. எல்லாம் வீணாகப் போனதே.

நீ கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டாய். "வேற என்னட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைக்காமல் இருந்தாயே, அதுதான் கேள்வி. எனக்குத்தான் புரியவில்லை. புரிந்தும் புரியாத மாதிரி இருந்தேனோ என்னவோ.

வரைந்த முடியை எல்லாம் அழித்தேன். பின்பாதியை மொத்தமாக எடுத்துவிட்டேன். கார்டில் இருந்த அசலில் ஒன்று முதல் முப்பத்தேழு வரை மட்டும் வைத்துப் புதிதாக அடுக்கினேன். முகத்து முடியைச் சுற்றி நிழல் மாதிரி ஒரு வளையம் வரும் இடங்களில், அந்தந்தப் படத்திலிருந்தே சரியான துண்டை எடுத்து வைத்தேன். தூசி வரிசையைத் துடைத்தேன். இடது ஓரத்தை வெட்டவில்லை. நேற்று பிரிண்ட் வந்தது. தேனீயின் முகம் அவ்வளவு தெளிவு, கண்ணில் பனித்துளி ஒவ்வொன்றாக எண்ணலாம், புல்லைக் கடித்திருக்கிற பல்கூடத் தெரிகிறது. கழுத்துக்குப் பின்னால் எல்லாம் மங்கிக் கரைந்து, எந்த நீலத்துக்காக அந்தத் தேனீயைத் தேடிப் போனோமோ, அது வெறும் நீல மூட்டமாக நிற்கிறது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அண்ணாச்சி பின்பாதி ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்க மாட்டார், இதுதான் போல என்று மாட்டிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தினால் நிறுத்தட்டும். உன் கையில் ஒரு கோளாறும் இல்லை என்பது அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

குடை இன்னும் என் ஸ்கூட்டரில்தான் இருக்கிறது. அந்த ஒரு கம்பி நுனி லேசாக வளைந்திருக்கும், நேராக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் இப்போதும் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் பேசி முடித்த மாதிரி இருக்கும். பிறகு நீ கேட்பாய்.

வேற ஒண்ணு இருக்குட்டி. அன்னைக்கு ஸ்டாண்ட இடிச்சது என் கொடைதான்.